மணி சாருக்கு வாங்கிய பொன்னாடை

சித்த காலை அக்கட்ட வெச்சுக்கறீங்களா தம்பி? இடிச்சுடாதீங்க. உள்ள கம்ப்யூட்டர் இருக்குது. டப்பா மட்டுந்தானுங்க, டிவி மாதிரி இருக்குமே, அதை ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன். கண்டக்டரு மேல வெக்கச் சொல்றான். மேல வெச்சு, ஒரு பிரேக்குல உழுந்துச்சுன்னா? என்னோட பாதி ஆயுசு உழுந்துச்சுன்னு அர்த்தம். மடியில வெச்சுக்கலாம்னு பாத்தேன், முட்டி வலி விட மாட்டேங்குது.

துணியப் பாக்கறீங்களா? ஆமாங்க, பொன்னாடைதான். நல்ல ஜரிகை. அதுக்கு ஒரு கதை இருக்குது. பீரோவுல சும்மா கெடந்துச்சு, சுத்தறதுக்குப் பாந்தமா இருக்குமேன்னு எடுத்துச் சுத்திட்டேன்.

நீங்க நாமக்கல்லா? நான் திருச்செங்கோட்டுல எறங்கறேன். மருந்துக் கம்பெனியா, பையப் பாத்தாலே தெரியுது. நல்லதாப் போச்சு. கம்ப்யூட்டர் ஆளுகிட்ட இதைச் சொன்னா பாதியிலயே எனக்குப் புத்தி சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க. எனக்குப் புத்தி சொன்னவங்க போதும் தம்பி. ஊர்ல பாதிப் பேரு சொல்லியாச்சு. நான் இப்ப ஒரு ஆளப் பாக்கப் போறேன். அந்த ஆளு வர ஒப்புக்கலைன்னா, நான் உண்டாக்குன சாமான் வர்ற ஞாயித்துக்கெழமையோட எங்கைய விட்டுப் போயிரும். அவ்வளவுதான் விசயம்.

என்ன சாமானா? ஒரு கம்ப்யூட்டர் பாஷைங்க. மிஷினுக்கு இதைப் பண்ணு, அதைப் பண்ணுன்னு எழுதிக் குடுக்கறதுக்கு ஒரு பாஷை வேணுமில்லீங்களா, அது. உலகத்துல பெருசு பெருசா நெறைய இருக்குது. என்னுது சின்னது. பேரு கொக்கி. பால் சொசைட்டி, பஞ்சு மில்லு, எடை மேடை, இந்த மாதிரி எடத்துல உக்காந்து கணக்கு ஓட்டறவங்களுக்குன்னு பண்ணுனது. மில்லுல கம்ப்யூட்டர் ஓட்டற ஈடிபி செக்‌ஷன்ல இருந்தப்ப ராவும் பகலுமா உக்காந்து நான் ஒருத்தனே பண்ணுனது. பேரு மட்டும் எங்கூட்டுல, எம் பொண்டாட்டி, வெச்சது. "கொக்கின்னு வெய்ங்க, வாயில நிக்கும்"னா. பேரு வெக்கறதுல என்னங்க இருக்குது, ஆருனாலும் வெக்கலாம்.

கொக்கிய ஆரு வேணாலும் சும்மா எடுத்துக்கலாம். உள்ள எப்படி எழுதியிருக்குதுன்னு தொறந்தே பாக்கலாம். அதுல கோளாறு இருந்தா அதுக்குப் பேரு பக்கு. பக்கு கண்டவங்க அதைச் சொல்றதுக்குன்னே ஒரு மெயில் லிஸ்ட்டு இருக்குது, எழுதுனா எல்லாருக்கும் போகும். வெறுமனே "ஓடலை"ன்னு எழுதுனா எடுத்துக்க மாட்டேன். என்ன பண்ணுனே, என்ன வரும்னு நெனச்சே, என்ன வந்துச்சு, இந்த மூணும் வேணும். அந்தக் கோளாறு மறுபடி வர்ற மாதிரி ரொம்பச் சின்னதா ஒரு புரோகிராமும் எழுதி அனுப்போணும். என் மெஷின்ல வந்தாத்தான் அது பக்கு. வரலைன்னா, "என் மெஷின்ல ஓடுது, மூடியாச்சு"ன்னு ஒரு வரி போட்டு மூடிருவேன். கண்டிப்பு இல்லைன்னா லிஸ்ட்டு சந்தக்கடை ஆயிருமுங்க.

கோளாறைச் சரி பண்ணத் தெரிஞ்சவங்க, டியூப்ல பஞ்சர் ஒட்டற மாதிரி ஒரு துண்டு எழுதி அனுப்புவாங்க. நாங்க அதுக்கு ஒட்டுன்னே பேரு வெச்சுட்டோம். நான் பாத்து, சரியா இருந்தாச் சேத்துக்குவேன். ஒவ்வொரு ஒட்டு மேலயும் அனுப்புனவங்க பேரு நிக்கும். கோயில் ட்யூப்லைட்டுல உபயம்னு எழுதுவாங்கல்ல, அந்த மாதிரி. வெளிச்சத்தை விட எழுத்துத்தான் பெருசா இருக்கும். ஆனா அந்தப் பேருக்காகத்தானுங்க பாதிப் பேரு வர்றதே.

எங்கூட்டுல படிச்சவதானுங்க. கணக்குல டிகிரி. அதே மில்லு, அதே ஈடிபி செக்‌ஷன். எனக்கு ஒரு வருசம் சீனியரு. சீனியருன்னா சும்மா, தேதிப்படி. கல்யாணம் ஆனதும் நான்தான் வேலைய விட்டு நின்னுக்கச் சொன்னேன், ஒரே செக்‌ஷன்ல புருசனும் பொண்டாட்டியும் இருந்தா நல்லா இருக்காதுன்னு. மூஞ்சி சுளிக்காம நின்னுக்கிட்டா. அதெல்லாம் கொறை சொல்ல முடியாது. அப்பறம் பொண்ணு பொறந்து, வளந்து, பெங்களூர் போனதுக்கப்பறம் அன்னூர்ப் பக்கம் ஒரு பால் சொசைட்டிக்குக் கணக்கு ஏத்திக் குடுக்க ஆரம்பிச்சா. செக்ரட்டரி ராக்கியப்பன் நமக்குத் தெரிஞ்சவரு. ஊட்டுலயே, இதோ இந்த மெஷின்லயே, கொக்கியிலதான் ஏத்துவா.

ஒரு நாள் காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கேன். வந்து நின்னுக்கிட்டு, "ஏனுங்க, கொக்கி கடைசி வரிய முழுங்குதுங்க"ங்கறா.

"முழுங்குதா? அது என்ன, பாம்பா?"

"வெளையாடாதீங்க. பால் ஊத்தறவங்க பேரு வரிசையா இருக்குதுல்ல, அதுல கடைசிப் பேரு வேலாத்தா. கடைசி வரிக்கப்பறம் எண்டர் தட்டலைன்னா, வேலாத்தாவ மட்டும் எடுத்துக்கவே மாட்டேங்குது. அந்தம்மா ஊத்துன பாலுக்குச் சீட்டே வரலை. சொசைட்டி வாசல்ல நின்னு சத்தம் போட்டுட்டுப் போயிருக்குது."

"அப்ப எண்டர் தட்டு."

"தட்டறேன். எல்லாருக்கும் தெரியுமா தட்டோணும்னு?"

"என் மெஷின்ல ஓடுது"ன்னேன்.

"இதுவும் அதே மெஷின்தானுங்க"ங்கறா.

எப்படிப் பேச்சு பாத்தீங்களா? எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. "இங்க பாரு, காப்பி டம்ளரோட வந்து நின்னு சொல்றதெல்லாம் பக் ரிப்போர்ட்டு ஆகாது. சொல்றதா இருந்தா எல்லாரையும் மாதிரி லிஸ்ட்டுல எழுது"ன்னேன். முறைப்படித்தான சொன்னேன்? பொண்டாட்டிக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம்னு நான் வெக்கலை.

எழுதுனா. அன்னைக்கே எழுதுனா, அவ பேருலயே. நாலஞ்சு பேரு பாத்திருப்பாங்க. எனக்குக் கூச்சமாப் போச்சுங்க தம்பி. ஊட்டு விசயம் வீதிக்கு வந்த மாதிரி. முழுசாப் படிக்கக்கூட இல்லை, "என் மெஷின்ல ஓடுது, மூடியாச்சு"ன்னு போட்டுட்டேன். அவளும் அதைப் பத்தி ஒண்ணும் கேக்கலை. சரி, புரிஞ்சுக்கிட்டான்னு நெனச்சேன்.

கொஞ்ச நாள் கழிச்சு லிஸ்ட்டுக்குப் புதுசா ஒரு ஆளு வந்தாரு. ஆர். மணின்னு பேரு. வந்ததும் மொதல் மெயில்லயே இந்தக் கடைசி வரி விசயத்தைத் தொட்டாரு. அடடா, எழுதுனா அப்படி எழுதோணும்! என்ன பண்ணுனே, என்ன வரும்னு நெனச்சே, என்ன வந்துச்சு, எல்லாம் வரிசையா. நாலே வரியில ஒரு குட்டிப் புரோகிராமு. ஓட்டிப் பாத்தேன், கடைசி வரி காணோம். ஓடி வந்து எங்கூட்டுலகிட்டச் சொன்னேன், "பாரு, இதுக்குப் பேருதான் பக் ரிப்போர்ட்டு. நீயும் எழுதுனியே." அவ கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா. "நல்லாத்தான் எழுதியிருக்காரு"ன்னா.

மணிக்கு ரெண்டு பக்கம் நன்றி எழுதுனேன். அடுத்த வாரமே மணி அதுக்கு ஒட்டும் அனுப்பிச்சாரு. சேத்துக்கிட்டேன். அப்பறம் என்னங்க, ஒட்டு மேல ஒட்டு. தேதிக் கோளாறு, தமிழ்ல பேரு அடிச்சாக் கட்டம் கட்டமா வர்றது, பெரிய பைலுக்கு மூச்சு முட்டறது, எல்லாத்தையும் ஒவ்வொண்ணாத் தீத்தாரு. நான் சில ஒட்டத் திருப்பி அனுப்புவேன், இந்த எடம் சரியில்லை, அந்த எடத்துக்கு வெளக்கம் வேணும்னு. மணி கோவிச்சுக்க மாட்டாரு. சில சமயம், "சார், நீங்க சொல்றது தப்புன்னு நெனைக்கறேன், ஏன்னா"ன்னு ஆரம்பிப்பாரு. படிச்சுப் பாத்தா அவரு சொல்றதுதான் சரியா இருக்கும். ஒத்துக்குவேன். ஆம்பளைங்களுக்குள்ள அதுல என்னங்க கௌரவம்?

ரிட்டயர் ஆனதுக்கப்பறம் எனக்கு மணிய விட்டா ஆருங்க? மத்தியானம் சாப்புட்டுத் தூங்கி எந்திரிச்சா மெயில் வந்திருக்கும். எப்பவும் அந்த நேரந்தான். ஒழுங்கான ஆளுன்னு நெனச்சுக்குவேன். காப்பியக் கையில வெச்சுக்கிட்டு அதைச் சத்தமாப் படிப்பேன், எங்கூட்டுல கேட்டுக்கிட்டே சோலியப் பாப்பா. "மணிக்கு இருக்கற மூளையப் பாத்தியா"ம்பேன். "ம்"ம்பா. ஒரு தடவை மனசு கேக்காம மணிக்கு எழுதிப்புட்டேன், இந்த மாதிரி, ஊட்டுல ஒரு பேச்சுத் தொணை இல்லை, நம்ம சோலியப் புரிஞ்சுக்க ஆளில்லைன்னு. அதுக்கு மணி என்ன எழுதுனாருன்னு நெனைக்கறீங்க? "அவங்ககிட்டப் பேசிப் பாத்தீங்களா சார்?" எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பாவம், கல்யாணம் ஆகாத ஆளு போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

பெருந்துறை தாண்டிட்டமா? இன்னும் இல்லையா. செரி.

வருசா வருசம் சித்திரையில கொக்கிக்காரங்க எல்லாம் ஒரு எடத்துல கூடுவோம். சொசைட்டி ஆளுங்க, மில்லு ஆளுங்க, சின்னப் பசங்க கொஞ்சம். பாலக்காட்டுல இருந்து ஜிதின்னு ஒரு பையன் வருவான், கெட்டிக்காரன், வாய் கொஞ்சம் நீளம். நானும் ஒவ்வொரு வருசமும் மணியக் கூப்புடுவேன். "வர வசதிப்படாது சார்"னு ஒரே பதில். போன சித்திரையில நான் ஒரு முடிவு பண்ணுனேன். ஆளு வந்தாலும் வராட்டியும் மணிக்கு மரியாதை செஞ்சே தீரோணும். பெரிய கடை வீதிக்குப் போயி, நாலு கடை ஏறி எறங்கி, இந்தப் பொன்னாடைய வாங்குனேன். எங்கூட்டுலயும் கூட வந்தா. இந்தக் கலரே அவ எடுத்ததுதான். "மணிக்கு இது நல்லா இருக்குமா"ன்னு கேட்டேன். தொட்டுப் பாத்துட்டு, "இருக்கும்"னா.

கூட்டம் ராக்கியப்பனோட சொசைட்டி மாடியில. டிபன் ஏற்பாடு எல்லாம் எங்கூட்டுல. கேசரி, போண்டா, காப்பி. நான் மைக்கப் புடிச்சேன். பேசற வேகத்துல மனசுல இருந்ததைச் சொன்னேன். "மணி மாதிரி ஒரு ஆளு மட்டும் எங்கூட்டுல இருந்திருந்தா, கொக்கி இன்னேரம் எங்கியோ போயிருக்கும்"னேன். எல்லாரும் கை தட்டுனாங்க.

தட்டி முடியறதுக்குள்ள பின்னால இருந்து எங்கூட்டுல வர்றா. கையில ஈரம், முந்தானையில தொடச்சுக்கிட்டே வர்றா. நான் தண்ணி கொண்டாறான்னு நெனச்சு, மைக்குலயே "கீழயே வெச்சுட்டுப் போ"ன்னேன். அதுக்கும் சிரிச்சாங்க. அவ நேரா மேடை ஏறி, எங்கையில இருந்து மைக்க வாங்குனா.

"நான்தானுங்க மணி"ன்னா.

நான் வெளையாட்டுன்னு நெனச்சு "கொண்டா மைக்கை"ன்னேன். குடுக்கலை. அந்த ஜிதின் எந்திரிச்சு, "நீங்கதான் மணி சாருன்னா, கடைசி வரி ஒட்டு எப்படிப் போட்டீங்கன்னு சொல்லுங்க"ங்கறான். பரிச்சை வெக்கறானாமா! அவ சொன்னா. எங்க உடைஞ்சுது, மொதல்ல எங்க கை வெச்சா, அது ஏன் ஆகலை, அப்பறம் எப்படிச் சுத்தி வந்தா, ஒண்ணு விடாமச் சொன்னா. ராக்கியப்பன் மொதல்ல கை தட்டுனாரு. அப்பறம் எல்லாரும் எந்திரிச்சு நின்னுட்டாங்க.

அவ அத்தோட விட்டாளா? "இதே ரிப்போர்ட்ட மொதல்ல என் பேருல எழுதுனேனுங்க. மூடிட்டாரு. அதையே ஒரு புள்ளி மாத்தாம மணின்னு போட்டு அனுப்புனேன். ரெண்டு பக்கம் நன்றி வந்துச்சு"ன்னா. பசங்க போனை எடுத்துப் பழைய மெயிலத் தேடிப் பாத்துட்டு என்னைப் பாக்கறானுங்க. நான் கேக்கறேன், ஒரே எழுத்தா இருந்தா ஒண்ணாயிருமா? அனுபவப்பட்ட ஆளு ஒருத்தரு சொல்றாருன்னா நாம அதைப் படிக்கற விதமே வேற இல்லீங்களா? இது ஆருக்கும் புரிய மாட்டேங்குது.

பொன்னாடை எங்கையில இருக்குது. நூறு கண்ணு என்னையே பாக்குது. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? சொந்தப் பொண்டாட்டிக்கு ஊருக்கு முன்னால பொன்னாடை போத்தறதுக்கு எனக்கென்ன சஷ்டியப்த பூர்த்தியா நடக்குது? மடிச்சுப் பைக்குள்ள வெச்சுட்டு, "எல்லாரும் டிபன் சாப்புடுங்க"ன்னு சொல்லிட்டு எறங்கிட்டேன்.

ஊட்டுக்கு வந்து கேட்டேன், "ஏன் இப்படி ஏமாத்துனே?"ன்னு. வருசக்கணக்கா, தம்பி, வருசக்கணக்கா! எம்பட மெஷின்லயே உக்காந்து, நான் தூங்கற நேரத்துல. நான் மணிகிட்டச் சொன்னதெல்லாம் இவ படிச்சிருக்கா. நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா?

அவ கத்தலை, அழுகலை. "நீங்கதான லிஸ்ட்டுல எழுதச் சொன்னீங்க"ன்னா. "சரி, முடிஞ்சது முடிஞ்சுது. அந்த ஒட்டுல எல்லாம் மணிங்கறத எடுத்துட்டு என் பேரப் போடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்"னா.

பாத்தீங்களா, எங்க வந்து நிக்குதுன்னு? பேராசைங்க. மூணு வேளை சோறு, சொந்த ஊடு, நல்லது கெட்டதுக்கு நாலு பட்டு, எதுல கொறை வெச்சேன்? ஊரெல்லாம் பாக்கற எடத்துல அவ பேரு நிக்கோணுமாமா. ஒண்ணு ரெண்டுன்னாப் பரவாயில்லை. கொக்கியத் தொறந்தா பாதிக்குப் பாதி மணியோட ஒட்டு. அத்தனையிலயும் அவ பேரு வந்தா, பாக்கறவன் என்ன நெனைப்பான்? கொக்கி ஆரு பண்ணுனதுன்னு கேக்க மாட்டானா?

அன்னைக்கே உக்காந்து மணியோட ஒட்டு எல்லாத்தையும் பிச்சு எடுத்துட்டேன். ஒண்ணு விடலை. "பொய்ப் பேருல வந்த ஒட்டு செல்லாது, இது லிஸ்ட்டோட விதி"ன்னு எழுதி எல்லாருக்கும் அனுப்பிச்சேன். அந்த விதிய அன்னைக்குத்தான் எழுதுனேன், அதை வெச்சு ஜிதின் ஒரு ஆட்டம் ஆடுனான். என்னைக்கு எழுதுனா என்னங்க, விதி விதிதான? அதுக்கு ஏழாம் பதிப்புன்னு நம்பரும் போட்டு வெளிய விட்டேன்.

மறுநாள் அவ மெயிலப் பாத்தா. தோசை சுட்டு வெச்சா, சட்னி அரைச்சு வெச்சா, எனக்கு மாத்திரை எடுத்து வெச்சா. ஒரு பைய எடுத்துக்கிட்டு, "திருச்செங்கோடு போறேன்"னுட்டுக் கெளம்பிட்டா. அவ அண்ணன் ஊடு அங்கதான். வைகாசித் தேரு வருதே, தேருக்குப் போறான்னு நெனச்சேன். தேரு நெலைக்கு வந்து, ஆடி போயி, தீவாளி போயி, இப்பத் தையும் வந்தாச்சு. போன் பண்ணுனா மச்சான் எடுத்து, "தங்கச்சி வேலையா இருக்குதுங்க மாப்ளே"ங்கறாரு. என்ன வேலை? பொண்ணு பெங்களூர்ல இருந்து பேசும். அது அம்மா கட்சி. "அம்மா பேர ஏத்திட்டீங்களாப்பா?" இதான் மொதல் கேள்வி, சாப்டீங்களாங்கறது அதுக்கப்பறந்தான்.

ஒட்டப் பிச்சா என்ன ஆகும்? அடைச்ச ஓட்டை எல்லாம் மறுபடி தொறந்துக்கிச்சு. கடைசி வரி மறுபடி காணோம். சொசைட்டியில மறுபடி வேலாத்தா சத்தம் போடுது. ராக்கியப்பன் போனு மேல போனு. "எண்டர் தட்டச் சொல்லுங்க"ன்னேன். "ஏனுங்க, நாங்க பழைய ஆறாம் பதிப்புக்கே போயிக்கறோம்"னுட்டு வெச்சுட்டாரு. எல்லாரும் அப்படித்தான். ஆறாம் பதிப்பு, மணி ஒட்டோட இருக்குதே, அதைப் புடிச்சுக்கிட்டு ஒருத்தனும் எறங்க மாட்டேங்கறான். ஏழாம் பதிப்பு இப்ப உலகத்துல ஒரே ஒரு மெஷின்லதான் ஓடுது. உங்க காலுக்குக் கீழ இருக்குதே, அதுல.

நானே சரி பண்ண மாட்டனான்னு கேப்பீங்க. உக்காந்தேன். மாசக்கணக்கா உக்காந்தேன். கடைசி வரிய நிறுத்துனா மொத வரி ரெண்டு தடவை வருது. அதை நிறுத்துனா வேற ஒண்ணு போகுது. மணி அதை எப்படிப் போட்டாருன்னு எனக்குத் தெரியும், ஆனா அதைப் பாத்து எழுதுனா காப்பியடிச்ச மாதிரி ஆயிருமில்லீங்களா?

ஜிதின் லிஸ்ட்டுல எழுதறான், "சார், பிச்சதத் திரும்ப ஒட்டறதுக்கு ஒரு கமாண்டு போதும். ஒரு நிமிசம் ஆகாது. ஏன் பண்ண மாட்டேங்கறீங்க?" எனக்குத் தெரியாதா ஒரு கமாண்டுன்னு? அவன் பொறக்கறதுக்கு முன்னால இருந்து கமாண்டு போடறவன் நான். ஆனா திரும்ப ஒட்டுனா அது மேல ஒரு பேரு வரோணுமே. மணின்னு போட்டா, மணின்னு ஒரு ஆளே இல்லைன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. நானே விதி எழுதி வெச்சிருக்கேன். அவ பேரப் போட்டா... போட்டா அப்பறம் நான் ஆருங்க? அதைத்தான் ஒருத்தனும் கேக்க மாட்டேங்கறான்.

இதுதான் காவேரிப் பாலமா? தண்ணி பரவால்லையே இந்த வருசம். பள்ளிபாளையம் வந்துருச்சுன்னா திருச்செங்கோடு கிட்டத்துலதான்.

போன வாரம் ஜிதினும் ராக்கியப்பனும் சேந்து எழுதியிருக்காங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள மணி திரும்ப வந்தாச் சரி, இல்லைன்னா ஆறாம் பதிப்ப எடுத்துக்கிட்டு அவங்களே தனியா நடத்திக்குவாங்களாம். கொக்கிங்கற பேரு வேணும்னா நான் வெச்சுக்கலாமாம். ஆர் ஊட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையேன்னு... விடுங்க, அந்தப் பழமொழி இங்க வேண்டாம்.

அதுக்குத்தான் நான் மணி அட்ரசுக்கு ஒரு மெயில் போட்டேன். வேற ஒண்ணும் எழுதலை. முறைப்படி ஒரு பக் ரிப்போர்ட்டு. என்ன பண்ணுனேன், என்ன வரும்னு நெனச்சேன், என்ன வந்துச்சு. சின்னப் புரோகிராமோட. "உங்கள் உதவி தேவை சார்"னு மரியாதையா முடிச்சேன். அன்னைக்கு மத்தியானமே பதில் வந்துச்சு. ஒரே வரி.

"என் மெஷின்ல ஓடுது. மூடியாச்சு."

நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க? அங்க ஓடுதுன்னா, ஓடாத மெஷினத்தான் கொண்டுபோயிக் காட்டோணும். நேர்ல ஓட்டிக் காட்டுனா மூட முடியாதில்லீங்களா? அதான் மெஷினையே தூக்கிக்கிட்டு வந்துட்டேன். அண்ணன் ஊட்டுல டிவி இருக்குது, அதுல மாட்டிக்கலாம். கீபோர்டு பையில இருக்குது. அவ தட்டித் தட்டி பாதி எழுத்து அழிஞ்சு போயிக் கெடக்குது, அதைக்கூட நான் பாத்ததில்லை பாருங்க, நேத்துத் தொடைக்கறப்பதான் பாத்தேன்.

அவளக் கூப்புடப் போறேன்னு நெனைக்காதீங்க. ஊட்டுக்கு வர்றதும் வராததும் அவ இஷ்டம், நான் கெஞ்ச மாட்டேன். சோறு நானே ஆக்கிக்கறேன், ஒண்ணும் கொறைஞ்சுபோகலை. மத்தியானந்தான் தூக்கம் வரமாட்டேங்குது. எந்திரிச்சா மெயில் இருக்காதேன்னு நெனப்பு வந்துருது. நான் பாக்கப் போறது மணிய. கதவத் தட்டி, "மணி சார் இருக்காங்களா"ன்னு கேப்பேன். தொறந்தவ ஆரா இருந்தாலும் சரி, "நீங்க மணியாவே இருங்க, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், விதிய வேணா மாத்திக்கறேன், திரும்ப ஒட்டுங்க"ம்பேன். இதுக்கு மேல ஒரு மனுசன் எறங்க முடியுமா, சொல்லுங்க? நல்ல மனசோடதான போறேன்?

நீங்க சன்னலுக்கு வெளிய பாக்கறீங்க. பரவால்லை.

மலை தெரியுது பாருங்க. கண்டக்டர், பஸ் ஸ்டாண்டுல நிறுத்தி எறக்குங்க, சாமான் இருக்குது. தம்பி, அந்தப் பக்கம் சித்தப் புடிக்கறீங்களா? அடியில கை குடுங்க. அப்படித்தான். துணி வெலகாமப் பாத்துக்கோங்க, ஜரிகை கம்பியில மாட்டிக்கும்.

என்ன கேட்டீங்க? அவ பேரா?

காந்திபுரத்துல இருந்து வாய் வலிக்கச் சொல்லிக்கிட்டு வர்றேன், கடைசியில இதைப் போயிக் கேக்கறீங்களே. பேரு எதுக்குங்க இப்ப? மணின்னே வெச்சுக்கோங்களேன்.